உடுக்கு அண்ணாவிமாருக்குப் பட்டமா, மாதாமாதம் காசா?

உப்புவெளியான்:
2025 குடியரசு தினத்தையொட்டி இந்தியா அறிவித்த பத்மஸ்ரீ பட்டியலில் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசான் பெயர் இருந்தது. புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் தெருக்கூத்துக்காக அதே ஆண்டில் கிடைத்தது. பறைக்கும் கூத்துக்கும் அந்த மேடை கிடைத்ததைப் பார்த்தபோது எங்கள் திருகோணமலைக் கிழவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். நவராத்திரியின் கடைசி இரவுகளில் கும்பம் ஊர்வலமாக வெளிக்கிடும்போது விடியும்வரை உடுக்கடித்துப் பாடுகிற அண்ணாவிமாரை ஊருக்கு வெளியே யாருக்குத் தெரியும்? இங்கே இலங்கையில் கலாபூஷணம் 60 வயது தாண்டிய கலைஞர்களுக்கான அரச விருது. கோயில் சபைகளும் இளைஞர் கழகங்களும் சேர்ந்து, தகுதியான ஒவ்வொருவருக்கும் விண்ணப்பம் போட வேண்டும் என்கிறேன்.

தம்பலகாமத்தான்:
போடுங்கள் தம்பி, தடுக்கவில்லை. ஆனால் விருது கிடைத்த அடுத்த நாள் என்ன நடக்கிறது? சால்வையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மனுசன் வயலுக்குத்தான் போகிறார். பரவை முனியம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் பாடி நாடே அறிந்தவர். அப்படிப்பட்டவரே முதுமையில் கஷ்டப்பட்டார். 2015 இல் தமிழ்நாடு அரசு அவர் பெயரில் 6 இலட்சம் ரூபாயை வைப்பிலிட்டு, அதன் வட்டி மாதாமாதம் கிடைக்க வழி செய்தது. கலைமாமணி வந்தது 2019 இல். அடுத்த ஆண்டு மார்ச்சில் காலமாகிவிட்டார். இரண்டில் எது அவருக்குச் சோறு போட்டது?

மூதூர்க்காரி:
அண்ணா, சோறு மட்டும்தான் கணக்கா? பறை அடிக்கிறவரை எங்கள் ஊர்களில் எப்படி நடத்தினார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? சாவு வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், திருவிழாவுக்குக் கூப்பிடுவார்கள், தேத்தண்ணீரை மட்டும் வேறு குவளையில் கொடுப்பார்கள். அந்த அவமானம் தாங்காமல்தான் எத்தனையோ குடும்பங்கள் மேளத்தைக் கைவிட்டன, பிள்ளைகளைத் தொடவே விடவில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் பெயருக்கு முன்னால் ‘கலாபூஷணம்’ என்று அச்சடித்த அழைப்பிதழ் அதே ஊருக்குள் போகட்டும். மாதக்காசால் அதைச் செய்ய முடியாது.

எனக்கு விண்ணப்பத்தில்தான் கோபம். எங்கள் பக்கத்து அண்ணாவியார் ஒருவருக்காக நிரப்பப் போனபோது பழைய அழைப்பிதழ், சான்றிதழ், பத்திரிகைத் துண்டு என்று ஆதாரம் கேட்டார்கள். 2006 இல் போரால் சம்பூர்ப் பக்கமிருந்து உடுத்த துணியோடு ஓடியவர்கள் கடதாசிக் கோவையையா தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்? ஐம்பது வருசம் பாடிய மனுசன் அந்த மேசைக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றார்.

கிண்ணியா நானா:
தங்கச்சி சொல்வது சரி. இங்கேயும் அதே கதைதான். நோன்பு காலத்தில் ரபான் மேளம் அடித்து, விடியமுன் சாப்பிடும் சஹருக்கு எழுப்பும் பாவாமார் என்கிற பக்கீர்களிடம் யார் அழைப்பிதழ் கொடுத்தார்கள்? ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கையெழுத்து வைத்தால் அதையே ஆதாரமாக ஏற்க வேண்டும். கேட்டு வளர்ந்தவர்களை விடப் பெரிய சாட்சி யார்?

உப்புவெளியான்:
நானா சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். தம்பலகாமத்து அண்ணா, விருது வந்தால்தான் பள்ளிக்கூடங்கள் கூப்பிடும், பிள்ளைகள் பழக வருவார்கள். அதையும் யோசியுங்கள்.

தம்பலகாமத்தான்:
மூதூர்த் தங்கச்சி சொன்ன குவளை விசயத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. பறைக்காரருக்குப் பட்டம் வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் பிள்ளைகள் வருவார்கள் என்பதை நான் நம்பவில்லை. உடுக்கை ஒரு பட்டறையில் இரண்டு மணித்தியாலம் காட்டிவிட்டுப் போக முடியாது. இடது கையால் உடுக்கின் ஒடுங்கிய இடுப்பைப் பிடித்து, சுற்றியுள்ள கயிற்றை எங்கே எவ்வளவு நெரிக்கிறோம் என்பதில்தான் நாதம் ஏறி இறங்கும். பாடுகிறவரின் குரல் உயரும்போது கை தானாக இறுக வேண்டும். மாரி மழையில் தோல் தொய்ந்துவிடும். அனலில் காட்டித் தட்டிப் பார்ப்பார்கள், கொஞ்சம் கூடினால் கிழிந்துவிடும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை அவர் பக்கத்தில் வருசக்கணக்காக இருந்துதான் பிடிக்க வேண்டும். உழைக்கிற வயதுப் பெடியன் எந்தக் காசில் அப்படி இருப்பான்?

மூதூர்க்காரி:
அப்படியென்றால் காசு பெடியனுக்குப் போகட்டும், பட்டம் அண்ணாவியாருக்குப் போகட்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை வெட்டாதீர்கள்.

தம்பலகாமத்தான்:
பட்டம் கொடுப்பது அரசாங்கம். பெடியனுக்கு யார் கொடுப்பது? கோயில் திருவிழாவுக்கு இசைக்குழுவை வெளியூரிலிருந்து இறக்கக் காசு சேர்க்கிற நாங்கள்தான் கொடுக்க வேண்டும். இந்த முறை ஒரு இரவு இசைக்குழுவை நிறுத்தி, அந்தப் பணத்தில் இரண்டு பெடியன்களை ஒரு வருசம் அண்ணாவியாரிடம் விடுவோம். சபைக் கூட்டத்தில் இதை நான் கேட்கத்தான் போகிறேன். உப்புவெளித் தம்பி, உங்கள் விண்ணப்பத்துக்கு ஊர்க் கையெழுத்து வாங்கவும் வருகிறேன். பாராட்டு விழா மேடைக்கும் மாலைக்கும் மட்டும் என்னிடம் காசு கேட்காதீர்கள்.

உப்புவெளியான்:
மேடை இல்லாமல் விடமாட்டேன் அண்ணா. அவரை ஊர் பார்க்க வேண்டும். ஆனால் சபைக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன், நாளைச் சொல்லுங்கள்.