பாந்தியன் குவிமாடத்தில் ‘ஒரு விரிசல்கூட இல்லை’யாம்!

கட்டடக்காரன்
காலையிலிருந்து மூன்று குழுக்களில் ஒரே ஃபார்வர்டு. "ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலோட கான்கிரீட் குவிமாடம் 1900 வருஷமா நிக்குது. கம்பி இல்ல. ஒரு விரிசல்கூட இல்ல. நம்ம ஊர் எஞ்சினியர் போட்ட தளம் மூணே வருஷத்துல ஒழுகுது." கடைசி வரியை விடுங்கள், முப்பது வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சுதான். ஆனால் "ஒரு விரிசல்கூட இல்லை" என்பது பச்சைப் பொய். 1930களில் ஆல்பெர்ட்டோ தெரென்ஸியோ அந்தக் கட்டடத்தை ஆராய்ந்தபோது சுவரிலும் குவிமாடத்திலும் விரிசல்களைக் குறித்து வைத்தார். பூகோள உருண்டையில் தீர்க்கரேகை ஓடுவதுபோல் அடியிலிருந்து மேல்நோக்கிப் போகிற விரிசல்கள். 1986இல் ராபர்ட் மார்க், பால் ஹட்சின்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணினியில் கணக்குப் போட்டு, அப்படித்தான் கீறும் என்று காட்டினார்கள். படித்துவிட்டு ஃபார்வர்டு பண்ணுங்கள்.

சுண்ணாம்பு_நேசன்
எடுத்த எடுப்பிலேயே பச்சைப் பொய்யா? சார், பூச்சில் மயிரிழை மாதிரி ஓடினால் அதையும் விரிசல் என்று எழுதிக் கொடுப்பீர்களா? ஒழுகுகிறதா? விழுந்ததா? இல்லையே. பிறகு என்ன விரிசல்? சுண்ணாம்பு என்றாலே உங்களுக்கு ஆகாது. போன மாதம் மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய செங்கல்-சுண்ணாம்புத் தளம் பற்றிப் பேசும்போதும் இதே பாட்டுதான்.

கட்டடக்காரன்
மெட்ராஸ் டெரஸை இங்கே இழுக்காதீர்கள். அங்கே நான் கேட்ட கேள்விக்கே இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

இது பூச்சு விரிசல் இல்லை. கான்கிரீட்டுக்குள் போகிற விரிசல். ஏன் வருகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சாத்துக்குடியைப் பாதியாக வெட்டிச் சுளையை எடுத்துவிடுங்கள். தோலை மேஜையில் கவிழ்த்து, உச்சியில் உள்ளங்கையை வைத்து அமுக்குங்கள். உச்சி கிழியாது. விளிம்பு வெளியே விரிந்து, கீழேயிருந்து மேலே நாலைந்து இடத்தில் கிழியும். குவிமாடமும் அதே மாதிரிதான். மேல்பகுதி அமுக்கத்தில் இருக்கும், கீழ்ப்பகுதி இழுவையில் இருக்கும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதற்குத்தான் நாம் கம்பி போடுகிறோம். ரோமானியர்கள் போடவில்லை, கீறிவிட்டது. கீறிய பிறகு அது சுற்றிலும் நிற்கும் வளைவுகளாக வேலை செய்கிறது. 6 மீட்டர் தடிமனான சுவர் அந்த வளைவுகளின் கால்கள் வெளியே நழுவாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. விரிசலோடு நிற்பதுதான் அதன் பெருமை. விரிசல் இல்லை என்று சொல்வது கட்டினவனுக்குச் செய்யும் அவமரியாதை.

ரோம்_போய்_வந்தவள்
நான் நேரில் பார்த்தவள். கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். வரிசைக்கு 28 என்று ஐந்து வரிசைக் குழிச்சதுரங்கள், மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். உச்சி நடுவில் திறந்த வட்டத் துளை, அதில் வானம். அந்த வட்ட வெளிச்சம் ஒரு சதுரத்தின் விளிம்பைத் தொட்டு, கொஞ்ச நேரத்தில் அடுத்த சதுரத்துக்கு நகர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற குழந்தை அதைக் கையால் பிடிக்கப் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு விரிசலும் என் கண்ணில் படவில்லை. இன்னொன்று, அந்தத் துளை வழியாக மழை உள்ளே விழாது. உள்ளிருந்து எழும் காற்று தள்ளிவிடுமாம், வழிகாட்டி சொன்னார்.

கட்டடக்காரன்
மேடம், மழை விழும்! துளையின் விட்டமே எட்டு மீட்டருக்கு மேல். மழை விழாதென்றால் தரையை நடுவில் லேசாக மேடாக்கி, தண்ணீர் வடிய 22 துளை எதற்குப் போட்டார்கள்? விரிசல் கண்ணில் படாததற்குக் காரணம், உள்ளே பூச்சும் பழுதுபார்ப்பும் மூடியிருப்பது.

ரோம்_போய்_வந்தவள்
நான் போன அன்று தூறல். உள்ளே நனையவே இல்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு நீங்கள் எனக்குச் சொல்கிறீர்கள்.

இலத்தீன்_மாணவன்
முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள். ‘பாந்தியன்’ என்றால் படிக்கிறவர் பாண்டியன் என்று நினைப்பார். இத்தாலியர் சொல்வது ‘பாந்தெயோன்’. கட்டியது ரோமானியத் தளபதி அக்ரிப்பா, வாசலிலேயே எழுதியிருக்கிறது.

கட்டடக்காரன்
வாசலில் இருப்பதை நம்பினால் அவ்வளவுதான். அக்ரிப்பா கட்டிய கோயில் கி.பி. 80இல் எரிந்தது. பேரரசன் டொமிஷியன் திரும்பக் கட்டினான், அதுவும் 110இல் எரிந்தது. இப்போது நிற்பது பேரரசன் ஹேட்ரியன் காலத்தில் முடிந்தது. பழைய பெயரை மறுபடி பொறித்தார்கள், அவ்வளவே.

இலத்தீன்_மாணவன்
செங்கல் முத்திரைகளைப் பார்த்தவர்கள் வேலை ஹேட்ரியனுக்கு முந்தைய பேரரசன் டிராஜன் காலத்திலேயே தொடங்கிவிட்டது என்கிறார்கள். அதைச் சொல்ல மாட்டீர்களே. பெயரின் எழுத்துப் பற்றியும் பதில் இல்லை.

கட்டடக்காரன்
‘முடிந்தது’ என்றுதான் எழுதினேன். தொடங்கியது என்று எழுதவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

சுண்ணாம்பு_நேசன்
பேச்சை மாற்றாதீர்கள். 2023இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அத்மிர் மாசிச் குழு என்ன கண்டுபிடித்தது தெரியுமா? ரோமானியக் கான்கிரீட்டில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும். சரியாகக் கலக்காத சோம்பேறித்தனம் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் சுட்ட சுண்ணாம்பை அப்படியே சூடாகக் கலந்ததால் வந்தவை அவை. கீறல் விழுந்து தண்ணீர் இறங்கினால், அந்தக் கட்டி கரைந்து கீறலை அடைக்கிறது. இரண்டு வாரத்தில் அடைத்துவிட்டது! தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் பொருளில் விரிசல் எங்கிருந்து வரும்? நான் சுண்ணாம்பை நீற்றும் தொட்டிப் பக்கத்தில் வளர்ந்தவன். கொதிக்கிற வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. எனக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

கட்டடக்காரன்
நல்ல ஆய்வுதான். ஆனால் ஆய்வுக்கான மாதிரியை எடுத்த இடம் பிரிவெர்னம் என்ற ஊரின் மதில். பாந்தியன் இல்லை. அடைந்த கீறல் அரை மில்லிமீட்டர் அளவு. சுமார் 4,500 டன் குவிமாடத்தின் இழுவை விரிசலும் அதுவும் ஒன்றா? கையில் கீறினால் தோல் வளரும், எலும்பு முறிந்தால் கட்டுப் போட வேண்டும்.

பாந்தியனின் மூளை சுண்ணாம்பில் மட்டும் இல்லை சார், ஜல்லியில் இருக்கிறது. அடித்தளத்தில் டிராவர்டைன் என்ற கனமான கல். மேலே வர வர எரிமலைக் கல், உடைத்த செங்கல். உச்சியில் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல்! தடிமனும் அடியில் 6 மீட்டர், துளையோரம் 1.2 மீட்டர். முழுக்க ஒரே கனமான கான்கிரீட் போட்டிருந்தால் வளைவில் அழுத்தம் 80% கூடியிருக்கும் என்று கணக்கு இருக்கிறது. உள்விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து துளைவரை உயரமும் அதே 43.3. கம்பியில்லாக் கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் இதைவிடப் பெரியது இல்லை. 40 அடி அகலத்துக்கு சென்ட்ரிங் முட்டு அடிக்கும்போதே எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அவர்கள் 43 மீட்டருக்கு மரத்தை அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

மூன்றாமாண்டு_சிவில்
அண்ணா, ஒரு சந்தேகம். எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் போனால் விரிசல், அதற்குக் கீழே இருந்தால் கீறல் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமா? இரண்டு பேரும் வேறு வேறு பொருளில் பேசுகிற மாதிரி தெரிகிறது.

சுண்ணாம்பு_நேசன்
அவரிடம் கேள் தம்பி. ஒழுகுகிறதா? விழுந்ததா? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

இலத்தீன்_மாணவன்
அது நிற்பதற்குக் காரணம் ஜல்லியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. 609இல் தேவாலயமாக மாறியது, அதனால் இடிக்காமல் விட்டார்கள். ஓவியர் ரஃபேலையே அங்கே புதைத்திருக்கிறார்கள்.

கட்டடக்காரன்
தேவாலயமான பிறகும் யாரும் சும்மா விடவில்லை. 663இல் கூரையின் வெண்கலத் தகடுகளைப் பேரரசன் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் உரித்துக்கொண்டு போனான். முகமண்டபத்து வெண்கலத்தைப் போப் எட்டாம் உர்பன் எடுத்துப் பீரங்கி வார்க்கக் கொடுத்தார். தோலை உரித்தும் நின்றது கான்கிரீட்டின் வலிமை.

சுண்ணாம்பு_நேசன்
கான்கிரீட்டின் வலிமை என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. கம்பி போட்டிருந்தால் துருப்பிடித்து, ஊதி, எப்போதோ உதிர்ந்திருக்கும்.

கட்டடக்காரன்
துரு வேறு கேள்வி. நான் கேட்டது விரிசல் உண்டா இல்லையா.

ரோம்_போய்_வந்தவள்
சாத்துக்குடித் தோலை இப்போதுதான் அமுக்கிப் பார்த்தேன். கிழிந்தது, சரி. ஆனால் உங்கள் சாத்துக்குடிக்குச் சுற்றிலும் 6 மீட்டர் சுவர் இல்லையே?

கட்டடக்காரன்
அதைத்தானே மேலே எழுதினேன்! இப்போது ஒரு கனமான கிண்ணத்துக்குள் வைத்து அமுக்குங்கள். கொஞ்சம் கிழியும், பிறகு கிண்ணம் பிடித்துக்கொள்ளும்.

சுண்ணாம்பு_நேசன்
பார்த்தீர்களா, "கொஞ்சம்" என்று இறங்கி வந்துவிட்டார். இனி "மயிரிழை" என்பார்.

கட்டடக்காரன்
இறங்கவில்லை. அடியிலிருந்து பாதிக்கு மேல் ஏறுகிற விரிசல். மயிரிழை இல்லை. நாளைக்கு வரைபடம் போட்டுக் காட்டுகிறேன், அதற்குள் மெட்ராஸ் டெரஸ் கேள்விக்குப் பதிலை எழுதி வையுங்கள்.

இலத்தீன்_மாணவன்
வரைபடத்தில் பெயரையாவது ‘பாந்தெயோன்’ என்று போடுங்கள்.

ரோம்_போய்_வந்தவள்
கிண்ணத்துக்குள் வைத்துப் பார்த்தேன். கிழியவில்லை.