புயல்கால மின்தடை: மூன்று நாள் தாக்குப்பிடிக்க வீட்டை எப்படி ஆயத்தப்படுத்துவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சென்ற முறை புயல் வந்தபோது எங்கள் வீட்டில் ஏறத்தாழ மூன்று நாள்கள் மின்சாரம் இல்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியுடன் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம். இரண்டு மின்விசிறி, தொலைக்காட்சி, சில விளக்குகள் என்று ஓடியதில் அது மூன்று மணி நேரத்தில் அணைந்துவிட்டது. மறுநாள் மேல்நிலைத் தொட்டியும் காலியானது. அன்று மாலை அம்மாவின் இன்சுலின் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, போடலாமா கூடாதா என்று தெரியாமல் நான் நின்ற நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. இம்முறை பெரிய பேட்டரி வாங்குவதா, ஜெனரேட்டர் வாங்குவதா? வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

புதிதாக எதையும் வாங்கும் முன், இருக்கும் பேட்டரியைக் கணக்கிட்டுப் பாருங்கள். 12-ஐ 150-ஆல் பெருக்கினால் 1800 வாட்-அவர் வரும் (ஒரு வாட் கருவியை ஒரு மணி நேரம் ஓட்டும் மின்னளவே ஒரு வாட்-அவர்). ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியின் சார்ஜை 50 சதவீதத்துக்கும் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் குறைந்துவிடும் என்பதாலும், இன்வெர்ட்டரிலேயே ஒரு பங்கு வீணாவதாலும், நம்பிச் செலவிடக்கூடியது ஏறக்குறைய 750 வாட்-அவர்தான். நீங்கள் ஓட்டியவற்றின் கூட்டுத்தொகை 250 வாட்டை ஒட்டி இருந்திருக்கும். ஆகவே மூன்று மணி நேரத்தில் நின்றதில் வியப்பில்லை. அதே பேட்டரியில் 75 வாட் மின்விசிறி ஒன்றும், 9 வாட் எல்இடி விளக்குகள் இரண்டும் மட்டும் ஓடினால் எட்டு மணி நேரம் வரும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி வகை மின்விசிறியாக மாற்றினால் 15 மணி நேரத்தைத் தொடும். அந்த மூன்று நாள்களுக்கு எல்லோரும் ஒரே அறையில் படுத்துக்கொள்வதே பெரிய பேட்டரி வாங்குவதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

புயல் எச்சரிக்கை வந்ததும் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள். அதற்குச் சில நாள்கள் முன்பே மெயினை அணைத்து, ஒரு மணி நேரம் இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. பழைய பேட்டரியின் உண்மையான நிலை அப்போதுதான் தெரியும். தண்ணீர் மோட்டாரை இன்வெர்ட்டர் இழுக்காது என்பதால் தொட்டி, குடம், வாளி அனைத்தையும் மின்சாரம் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். குடிக்கவும் அவசியமான தூய்மைக்குமாக ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டரையாவது தனியாக மூடி வையுங்கள்.

பதில் 2

இன்சுலின் பற்றி மட்டும் சொல்கிறேன். மருந்தகத்தில் வேலை செய்வதால் இதே கேள்வியை என்னிடம் பலர் அடிக்கடி கேட்கிறார்கள். திறக்காத புட்டிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள புட்டியோ, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மேல் போகாத அறை வெப்பத்தில் ஏறத்தாழ 28 நாள்கள் தாங்கும். வகைக்கு வகை இது மாறும் என்பதால் பெட்டியில் உள்ள தாளை இப்போதே படித்து, காலக்கெடுவை அட்டையில் எழுதி வையுங்கள். குளிர்ச்சிக்காகப் பனிக்கட்டியோடு ஒட்டி வைத்துவிடாதீர்கள், துணியில் சுற்றி இடைவெளி விட்டு வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் போடக்கூடாது.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் உள்ளே சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். காலியிடத்தில் தண்ணீர் பாட்டில்களைத் தலைப்பக்கம் சற்று இடம் விட்டு நிரப்பி உறைய வையுங்கள்.

பதில் 3

ஜெனரேட்டர் வாங்குவதானால், வயரிங் வேலை செய்பவன் என்ற முறையில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: இரு முனையிலும் பிளக் வைத்த வயரால் அதைச் சுவர் சாக்கெட்டில் செருகாதீர்கள். அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்குப் போய், மின்மாற்றியில் பின்னோக்கிப் பாய்ந்து ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயரும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அதனால் உயிரிழக்கக்கூடும். தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வீட்டு வயரிங்கை ஒரு நேரத்தில் வெளிக்கம்பியுடனோ ஜெனரேட்டருடனோ மட்டும் இணைப்பது) பொருத்திய பிறகே இணையுங்கள். இயந்திரத்தைச் சன்னல், கதவுகளிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளித் திறந்த வெளியில் வையுங்கள். மழைக்குப் பயந்து அதை வராந்தாவில் வைத்து இயக்குபவர்கள் இருக்கிறார்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குபவர் விழித்துக்கொள்ள அது வாய்ப்பே தராது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஜெனரேட்டர் எண்ணத்தைக் கைவிட்டு, பிஎல்டிசி மின்விசிறி ஒன்று வாங்கப்போகிறேன். இன்னும் ஓர் ஐயம்: வீட்டைப் பூட்டிவிட்டு வேறிடம் செல்ல நேர்ந்தால், இடையில் ஃபிரீசர் உருகி மீண்டும் உறைந்ததா என்பதைத் திரும்பி வந்தபின் எப்படி அறிவது?

பதில் 2

ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்லுங்கள். நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அது அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். உள்ளே இருப்பதை முகர்ந்து பார்த்து முடிவெடுக்காமல் அப்படியே கொட்டிவிடுங்கள்.