சோயா: சாப்பிட்டதெல்லாம் ஹார்மோனாகிவிடுமா?

பரிதி: சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்ற தாவரப் பொருள்கள், உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒட்டும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. எலிகளில் விளைவைப் பார்த்தாயிற்று. தினமும் சோயா சாப்பிடுவது ஹார்மோன் மாத்திரை போடுவது மாதிரிதானே?

கயல்: இல்லைங்க. சோயாவில் இவை பெரும்பாலும் சர்க்கரை ஒட்டிய வடிவில் இருக்கின்றன. அப்படியே குடல் சுவரைத் தாண்டுவது அரிது. சிறுகுடலின் லாக்டேஸ் நொதியோ குடல் பாக்டீரியாவோ முதலில் சர்க்கரையை வெட்ட வேண்டும். உள்ளே நுழைந்ததும் குடல் சுவரும் கல்லீரலும் குளுகுரோனிக் அமிலத்தையோ சல்ஃபேட்டையோ மாட்டிவிடும். ரத்தத்தில் ஓடுவது பெரும்பாலும் இந்தக் கட்டுண்ட வடிவம்தான். ஏற்பியில் ஒட்டும் வலு அதற்கு ரொம்பக் குறைவு. எலியின் உடல் நம் அளவுக்கு இப்படிக் கட்டுவதில்லை. அதன் ரத்தத்தை வைத்து நம்மைக் கணக்கிடாதீர்கள்.

பரிதி: சரி, எலியை விட்டுவிடுகிறேன். கட்டியது அவிழாதா? பித்தநீரோடு மறுபடி குடலுக்கு வருகிறது, பாக்டீரியா அவிழ்க்கிறது, திரும்ப உள்ளே போகிறது. இப்படியே சுற்றினால்?

கயல்: சுற்றுவது உண்மைதான், நல்ல கேள்வி. ரத்தத்தில் இவற்றின் அளவு சாப்பிட்டுச் சுமார் 6 மணி நேரம் கழித்து உச்சத்தைத் தொடுகிறது. ஆனால் உறிஞ்சப்பட்டதில் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். தினமும் சாப்பிட்டாலும் ஓர் அளவில் நிற்கும், குவிந்துகொண்டே போகாது.

மருதன்: இருவரும் ஈக்வாலை மறந்துவிட்டீர்கள். சிலரது குடல் பாக்டீரியா டெய்ட்சீனை ஈக்வாலாக மாற்றும். அது டெய்ட்சீனைவிட வலுவாக ஏற்பியில் ஒட்டும். 1932இல் சினைக் குதிரையின் சிறுநீரில் முதலில் பிரித்தெடுத்தார்கள். மேற்கத்திய நாடுகளில் 25–30% பேரிடமும், ஜப்பான், சீனா, கொரியாவில் ஏறத்தாழ பாதிப் பேரிடமும் இந்தத் திறன் உண்டு. இரு வகையினரையும் கலந்து சராசரி எடுக்கும் ஆய்வுகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன.

பரிதி: அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஆளுக்கு ஆள் மாறும் என்றால் எல்லாருக்கும் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

கயல்: ஆண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2010இலும் 2021இலும் பார்த்தார்கள். சோயாவால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனில் மாற்றமில்லை. எச்சரிக்கை வேண்டிய இடம் வேறு: தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்சின் மாத்திரை போடுபவர்களுக்குச் சோயா அதன் உறிஞ்சலைக் குறைக்கலாம். எவ்வளவு இடைவெளி என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

பரிதி: மாத்திரை விஷயம் எனக்குப் புதிது, ஏற்கிறேன். ஈக்வால் பற்றிய சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது. மருதன், மாற்றும் திறனுள்ளவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு இருந்தால் போடுங்கள், படிக்கிறேன்.