ப்ராம்ஸ்ல எப்போ கைதட்டணும்? முதல் தடவை போறேன்

லண்டன்தம்பி:
அடுத்த வாரம் ராயல் ஆல்பர்ட் ஹால்ல ப்ராம்ஸ்ங்கிற வெஸ்டர்ன் கிளாசிக்கல் கச்சேரிக்கு போறேன், ஆபீஸ்ல ஒருத்தர் டிக்கெட் எடுத்துட்டார், நின்னுட்டே கேக்குற இடமாம். ஹைடனோட 104வது சிம்பொனி (முழு ஆர்கெஸ்ட்ராவும் வாசிக்கிற பெரிய பீஸ்), மெண்டல்சனோட வயலின் கான்சர்ட்டோ (ஒரு வயலின்காரர் முன்னாடி நின்னு ஆர்கெஸ்ட்ராவோட வாசிக்கிறது), கடைசில சாய்கோவ்ஸ்கி ஆறாவது சிம்பொனி. நம்ம கச்சேரின்னா தனி ஆவர்த்தனம் முடிஞ்சதும் தட்டிருவோம், இங்க எப்படி? கோட் சூட் வேணுமா?

வயோலாஅக்கா:
ஷார்ட்ஸ்லயே வருவாங்க தம்பி, காலுக்கு நல்ல ஷூ மட்டும் போட்டுக்கோங்க. 1895ல இத ஆரம்பிச்சதே கம்மி காசுல எல்லாரும் கேக்கட்டும்னுதான், அப்போல்லாம் உள்ளயே சிகரெட் பிடிக்கலாம்! ஒரு பீஸ் பல பகுதியா இருக்கும், அதத்தான் மூவ்மெண்ட்னு சொல்வாங்க, நடுவுல தட்டாம கடைசில தட்டுறதுதான் இங்க வழக்கம். அதனால ஹைடன்ல நாலு மூவ்மெண்டும் முடியட்டும். மெண்டல்சன்ல அவரே வழி பண்ணிட்டார், முதல் மூவ்மெண்ட் முடியுறப்போ ஒரே ஒரு பசூன் (அடி சுரம் ஊதுற நீளமான குழல்) மட்டும் சுரத்த விடாம பிடிச்சு அடுத்ததுக்குள்ள இழுத்துட்டு போயிடும், தட்ட கேப்பே கிடைக்காது. மாட்டிக்கிறது சாய்கோவ்ஸ்கிலதான். மூணாவது மூவ்மெண்ட் மார்ச், சிம்பல் (பெரிய ஜால்ரா), பேஸ் டிரம்னு அடிச்சு முடிக்கும், பாதி ஹால் எந்திரிச்சு தட்டும், ஆனா இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு.

சும்மாஒருத்தன்:
தட்டுனா என்ன அக்கா? இந்த ரூல்லாம் பின்னாடி வந்தது. 1778ல பாரிஸ்ல மொஸார்ட் சிம்பொனி ஓடிட்டிருக்கும்போதே தட்டினாங்க, அத அவர் பெருமையா அப்பாவுக்கு லெட்டர்ல எழுதினார். 1813ல பீத்தோவன் ஏழாவதுல ரெண்டாவது மூவ்மெண்ட்ட திரும்பவும் வாசிக்க வெச்சாங்க வியன்னாக்காரங்க. தம்பி, ப்ராம்ஸ்ல நடுவுல தட்டுறவங்க நிறைய, யாரும் அடிக்க வர மாட்டாங்க.

வயோலாஅக்கா:
மொஸார்ட்டுக்கு தட்டுங்க, நானும் தட்டுறேன். ஆனா அந்த மார்ச்சுக்கு அப்புறம் வர்ற நாலாவது மூவ்மெண்டோட ஆரம்பத்த கைதட்டல்ல முழுங்கிட்டா போச்சு. அங்க முதல் வயலின் குரூப்பும் ரெண்டாவது வயலின் குரூப்பும் ஒரு சுரம் நீ ஒரு சுரம் நான்னு மாத்தி மாத்தி வாசிக்கும், ரெண்டும் சேந்தாதான் ட்யூனே, தனித்தனியா கேட்டா ஒண்ணுமே புரியாது. எனக்கு வாசிக்கும்போதெல்லாம் புல்லரிக்கும். 1893ல இந்த ஆறாவது சிம்பொனிய சாய்கோவ்ஸ்கியே முன்னாடி நின்னு கண்டக்ட் பண்ணி ஒன்பதாவது நாள் செத்துப்போனார், முடிவு செல்லோ, டபுள் பேஸ்னு அடி சுர வாத்தியங்கள்ல அப்படியே தேஞ்சு போகும், ஆர்கெஸ்ட்ராவ நடத்துற கண்டக்டர் கைய இறக்குற வரைக்கும் மூச்சு விடாதீங்க.

லண்டன்தம்பி:
சரிக்கா. ரெண்டு மணி நேரம் நிக்க முடியுமான்னுதான் யோசனை.

சும்மாஒருத்தன்:
முடியலன்னா மேல கேலரிக்கு போயிடு, அங்க தரைல படுத்துட்டே கேப்பாங்க.