தனுஷ்கோடி கேம்: ஒரே பாதையில் கொண்டுபோறதா, மேப்பைத் திறந்து விடுறதா?

அரிச்சல்முனை:
விவாதத்துக்கு வைக்கிறது இதுதான். பாம்பன் பாலத்துல ஆரம்பிச்சு தனுஷ்கோடி நிலம் முடியுற அரிச்சல்முனையில முடியுற ஒரு அட்வெஞ்சர் கேம். மூணு பேர் வேலை, கேம் செய்யுற கோடோ எஞ்சின் மென்பொருள், பிசிக்கு மட்டும், இலவசம். இன்னைக்குத் தனுஷ்கோடிக்கு வர்ற ஒரு பொண்ணு, இடிஞ்ச ஸ்டேஷன், சர்ச், போஸ்ட் ஆபீஸ்னு அலைஞ்சு, 1964 டிசம்பர் 22 புயல் ராத்திரி அங்க நடந்ததைத் துண்டு துண்டாச் சேர்க்குறா. மொத்தம் நாலு மணி நேர ஆட்டம்.

என் கட்சி: மேப்பை முழுசாத் திறந்து விடணும். பிரெத் ஆஃப் தி வைல்டு (2017) என்ன பண்ணுச்சு? ஆரம்பப் பீடபூமியில நாலு ஷ்ரைன் (சின்னப் புதிர்க் கோயில்), அதை முடிச்சா பாராகிளைடர், அப்புறம் எந்தத் திசையில வேணும்னாலும் போகலாம். நேரா கடைசி பாஸ்கிட்டயே போனாலும் கேம் தடுக்காது. அதனாலதான் ரெண்டாவது தடவை ஆடும்போது வேற ஆட்டமா இருக்கு. லீனியரா, அதாவது ஒரே பாதையாச் செஞ்சா ஒரு தடவை முடிச்சதும் டெலிட் பண்ணிருவாங்க.

தூக்குப்பாலம்:
தம்பி, முதல்ல தூரத்தைக் கணக்குப் போடுங்க. முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் ரோடு 9.5 கிலோமீட்டர். கேரக்டர் நொடிக்கு 5 மீட்டர் ஓடினா 1,900 நொடி, அதாவது 31 நிமிஷத்துக்கு மேல. நாலு மணி நேர கேம்ல அரை மணி நேரம் வெறும் ஓட்டம். திரும்பி வந்தா ஒரு மணி நேரம். பத்துல ஒரு பங்காச் சுருக்கினா மூணு நிமிஷம்தான், ஆனா அப்ப அது திறந்த மேப்பே இல்லை, ஒரு நீளமான ஹால்.

அடுத்தது, நில அமைப்பு. நீங்க சொன்ன கேமோட நிலத்தை முக்கோணக் கணக்குல வச்சதா வடிவமைச்சவங்களே சொல்லியிருக்காங்க. மலை முன்னாடி நின்னு மறைக்கும், சுத்திப் போனா பின்னாடி உள்ளது கொஞ்சம் கொஞ்சமாத் தெரியும். தேடல்னா அந்த மறைப்பும் வெளிப்பாடும்தான். நம்ம மணல்ல எதை மறைக்கப் போறீங்க? சர்ச் சுவர் தூரத்துலயே தெரியுது. வடக்கே பெண்கடல் (பாக் நீரிணைப் பக்கம்), தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா), நடுவுல ஒரு ரோடு. இடமே லீனியரா இருக்கு, அதை எதுக்கு எதிர்த்துச் சண்டை போடணும்?

லீனியர் கேமை மறுபடி ஆட மாட்டாங்கன்னு சொல்றதும் தப்பு. ரெசிடென்ட் ஈவில் 2 (1998): ஆடுற கேரக்டர் ரெண்டு, லியோனுக்கு ஒரு டிஸ்க், கிளேருக்கு ஒரு டிஸ்க், அதே போலீஸ் ஸ்டேஷன். முதல் ஆளை வச்சு ஆயுத அறையில சப்மெஷின் கன்னையும், கூடப் பொருள் வைக்கிற சைடு பேக்கையும் எடுத்துட்டா, ரெண்டாவது ஆளுக்கு அங்க அது இருக்காது. கட்டடம் ஒண்ணுதான், கதவு வரிசை கிட்டத்தட்ட அதேதான், ஆனா ரெண்டாவது ஆட்டத்துல கை நடுங்கும். அதுக்குக் கிலோமீட்டர் கணக்குல மேப் தேவைப்படலை.

அரிச்சல்முனை:
அண்ணே, லீனியர்ல பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. ஒரு புதிர்ல மாட்டினா மொத்த கேமும் நின்னுரும். அப்புறம் யூடியூப்ல விடையைப் பார்த்துட்டு வருவாங்க, அதோட அந்தக் கேம் மேல உள்ள மரியாதை போச்சு. எல்டன் ரிங்ல (2022) ஸ்டார்ம்வேல் கோட்டை முடியலைன்னா, பக்கத்துப் பாறைப் பாதையாச் சுத்திக்கிட்டு அடுத்த பகுதிக்கே போயிரலாம். பலம் சேர்த்துட்டு அப்புறம் வந்து கோட்டையைப் பார்க்கலாம். மாட்டிக்கிட்டவனுக்கு வேற வேலை கொடுக்கறதுதான் திறந்த மேப்போட நிஜமான உதவி.

கீழக்கரை_சங்கு:
ரெண்டு பேரும் தேடலையும் மறுஆட்டத்தையும் ஒண்ணாப் போட்டுப் பேசுறீங்க. அது ரெண்டும் வேற வேற. சில சமயம் ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுரும்.

அவுட்டர் வைல்ட்ஸை (2019) எடுத்துக்குங்க. 22 நிமிஷத்துல சூரியன் வெடிக்கும், மறுபடி முதல்ல இருந்து. கப்பலுக்கு அப்கிரேடு கிடையாது, சாவி கிடையாது. நாம கத்துக்கிட்டது ஒண்ணுதான் அடுத்த கதவைத் திறக்கும். தேடலுக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்லை. ஆனா முடிச்சபிறகு? எல்லாம் தெரிஞ்சவங்க ஒரே சுத்துல கேமை முடிச்சுரலாம். தேடுறதுக்கு மிச்சம் எதுவும் இல்லை. தேடல்ல முதல் இடம், மறுஆட்டத்துல கடைசி இடம்.

இன்னொரு பக்கம், இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி ஃபேட் ஆஃப் அட்லாண்டிஸ் (1992). மவுஸால கிளிக் பண்ணி ஆடுற பழைய 2டி கேம். கதை கொஞ்சம் நகர்ந்ததும் மூணு வழி பிரியும்: சோஃபியாவோட சேர்ந்து போறது, மூளையை மட்டும் நம்புறது, கைச்சண்டை. ஒவ்வொரு வழிக்கும் வேற புதிர், வேற இடங்கள், கடைசியில எல்லாம் அட்லாண்டிஸ்ல வந்து சேரும். மேப் சின்னது, மறுஆட்டம் மூணு மடங்கு.

அதனால தம்பி, மேப்பைத் திறந்தா மறுபடி ஆடுவாங்கன்னு நீங்க சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அண்ணே, நீங்க சொன்ன ரெசிடென்ட் ஈவிலும் லீனியரா இருக்கறதாலதான் மறுபடி ஆடப்படுதுன்னு இல்லை. முதல் ஆட்டத்தோட முடிவு ரெண்டாவது ஆட்டத்துக்குள்ள வந்து கைவைக்கிறதால ஆடப்படுது.

மண்டபம்_கச்சான்:
சங்கு லாத்தா சொன்ன மூணு வழி கேக்க நல்லா இருக்கு, செய்யுறது எப்படின்னு பார்ப்போம். ஆமா-இல்லைன்னு பத்துத் தேர்வு வச்சு, பத்தும் கடைசிவரைக்கும் ஞாபகத்துல இருந்தா 1,024 நிலை. மூணு பேரால அதை டெஸ்ட் பண்ண முடியாது. பெரிய கம்பெனிகளே பிரிஞ்ச கிளையைச் சீக்கிரம் சேர்த்துருவாங்க. அந்தச் சேர்ப்பு அப்பட்டமாத் தெரிஞ்சா, ரெண்டாவது தடவை ஆடுறவனுக்கு "நான் தேர்ந்தெடுத்தது எதுக்கும் உதவலை"ன்னு கோவம் வரும்.

வழி இருக்கு. மங்கி ஐலண்டு (1990) முதல் பாகத்துல மூணு சோதனை: வாள் சண்டை, புதையல், திருட்டு. எந்த வரிசையில வேணும்னாலும் செய்யலாம், மூணும் முடிஞ்சாத்தான் கதை நகரும். அரிச்சல்முனை சொன்ன "மாட்டினா வேற வேலை" இதுலயே கிடைச்சுருது, திறந்த மேப் தேவையில்லை. தூக்குப்பாலம் அண்ணன் கேக்குற கட்டுப்பாடும் இருக்கு. வரையுற முறை இது: ஒரு பெரிய தாள்ல முடிவை முதல்ல எழுதுங்க. அதுக்கு என்னென்ன வேணும்னு கீழ எழுதுங்க. அது ஒவ்வொண்ணுக்கும் என்ன வேணும்னு இன்னும் கீழ. இப்படிப் பின்னாடி வந்தா படம் நடுவுல விரிஞ்சு ரெண்டு முனையிலயும் குறுகும். எங்கேயாவது ஒரே கோடு அஞ்சாறு படி நீளமாப் போனா ஆடுறவன் மாட்டுவான். ஒரே இடத்துல ஏழெட்டுக் கோடு பிரிஞ்சா திகைச்சு நிப்பான். மூணு, மிஞ்சினா நாலு.

அதே தாள்ல முட்டுச்சந்தையும் பிடிச்சுரலாம். கிங்ஸ் குவெஸ்ட் 5 (1990) ஞாபகம் இருக்கா? பசிக்குதுன்னு கஸ்டர்டு பைங்கற பலகாரத்தைத் தின்னுட்டா, பின்னாடி பனிமலையில எட்டிங்கற பனி மிருகத்தை விரட்ட எதுவும் இருக்காது. கேம் ஒரு வார்த்தை சொல்லாது, சேவ் வீணாப் போகும். சட்டம் ரொம்ப எளிசு: ஒரு பொருளைத் தீர்த்துப்போடுற செயல் இருந்தா, அந்தப் பொருள் இன்னும் எந்தப் புதிருக்காவது வேணுமான்னு கோடு தேடிப் பாருங்க. வேணும்னா அந்தச் செயலைத் தூக்குங்க.

சேவ் பத்தியும் ஒண்ணு. நம்ம பக்கம் வாடைக் காலத்துல கரண்ட் போற நேரம் யாருக்கும் தெரியாது. பழைய சேவ் ஃபைல் மேலயே நேரா எழுதாதீங்க. பாதி எழுதும்போது கரண்ட் போனா பழசும் போச்சு, புதுசும் போச்சு. தற்காலிக ஃபைல்ல எழுதி, மூடி, திரும்பப் படிச்சுப் பார்த்து, அப்புறம் பேரை மாத்துங்க. முந்தின ரெண்டு சேவை எப்பவும் வச்சுக்குங்க.

அரிச்சல்முனை:
மூணு சோதனை முறை சரி. ஆனா அன்சார்ட்டட் தி லாஸ்ட் லெகசியையும் (2017) பாருங்க. லீனியர் கேம்தான். நாலாவது அத்தியாயத்துல மட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் திறந்து, கையில ஒரு ஜீப்பைக் கொடுக்குது. 11 ஹொய்சாள டோக்கன் தேடுறது விருப்பம்தான், கதைக்குக் கட்டாயமில்லை. அந்த அத்தியாயம்தான் மனசுல நிக்குது. நம்ம கேம்லயும் சங்கு, பழைய டிக்கெட், தண்டவாள ஆணின்னு ஒரு ஐம்பது பொருள் மணல்ல போட்டா?

கீழக்கரை_சங்கு:
ஐம்பது வேண்டாம் தம்பி. பிரெத் ஆஃப் தி வைல்டுல தேடி எடுக்க 900 கொரோக் விதை இருக்கு, ஆனா பொருள் வைக்கிற பை முழுசாப் பெருசாக 441 போதும். எந்தப் பக்கம் போனாலும் நாலு கிடைக்கணும்னுதான் அத்தனை. அவ்வளவு பெரிய மேப்புக்கு அது பொருந்தும். மூணு நிமிஷ மணல்ல ஐம்பது பொருள்னா அது பொறுக்குற வேலை. அதுலயும் மேப்ல ஐகான் போட்டீங்கன்னா ஆடுறவங்க மணலைப் பார்க்க மாட்டாங்க, மூலையில இருக்குற மினிமேப்பைத்தான் பார்ப்பாங்க.

ஹாலோ நைட் (2017) செஞ்சதைச் செய்யுங்க. மேப் விக்கிற ஆளைத் தேடிப் போய் அந்தப் பகுதிக்கு வாங்கணும். புதுசா நடந்த அறைகள் மேப்ல ஏறணும்னா இறகுப் பேனா வேணும், பெஞ்சுல போய் உட்காரவும் வேணும். நாம எங்க நிக்கிறோம்னு தெரியணும்னா சக்தி தர்ற தாயத்து (சார்ம்) மாட்டுற இடத்துல ஒண்ணை விட்டுக்கொடுத்துத் திசைகாட்டி மாட்டணும். ஒவ்வொண்ணுக்கும் விலை இருக்கறதால, வழி தெரியாம நிக்கிறதே ஆட்டமாகுது.

தூக்குப்பாலம்:
பொருள், மேப் எல்லாம் பகல் பகுதிக்கு என்ன வேணும்னாலும் பண்ணுங்க. புயல் ராத்திரியை மட்டும் தொடாதீங்க. அது ஒரே பாதையா இருக்கணும், தேர்வு எதுவும் இருக்கக் கூடாது.

காரணம் சொல்றேன். தண்ணி ஏறிக்கிட்டு இருக்கும்போது ஆடுறவன் பின்னாடி போய் ஆணி பொறுக்க முடிஞ்சா, தண்ணி ஏறலைன்னு அர்த்தம். எத்தனையோ திறந்த கேம்ல "உடனே வா, உயிர் போகுது"ன்னு கூப்பிடுவாங்க, நாம ஒரு வாரம் மீன் பிடிச்சுட்டுப் போனாலும் அந்த ஆள் அதே இடத்துல காத்துக்கிட்டு இருப்பான். அந்தப் பொய் இங்க வரக் கூடாது. பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோச்சு. அதுல இருந்த யாரும் திரும்பலை. "சரியாத் தேர்ந்தெடுத்தா ரயிலைக் காப்பாத்தலாம்"னு ஒரு முடிவை வச்சீங்கன்னா, அது மறுஆட்டம் இல்லை, அவமரியாதை. அவங்க குடும்பங்கள் இன்னும் இந்தக் கரையில இருக்கு.

அரிச்சல்முனை:
இதுல எனக்கு மறுப்பே இல்லை அண்ணே. ரயில் முடிவு மாறாது. ஆனா அப்ப மறுஆட்டத்துக்கு என்ன மிச்சம்?

கீழக்கரை_சங்கு:
காத்து. கேமை ஆரம்பிக்கும்போதே வாடைக் காலமா (வடகிழக்குக் காத்து), கச்சான் காலமான்னு (தென்மேற்குக் காத்து) ரெண்டுல ஒண்ணு. வாடையில வடகடல் கொந்தளிக்கும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் மீன்பிடித் தொழில் நடக்கும். கச்சான்ல தென்கடல் சீறும், பாக் நீரிணைப் பக்கம் அமைதி. கடற்கரையில எல்லாரும் அறிஞ்ச விஷயம், ஆனா கேமா யாரும் செஞ்சு நான் பார்த்ததில்லை. மேப் ஒண்ணுதான். எந்தக் கரையில நடக்க முடியும், எந்த வத்தைக்காரர் (படகுக்காரர்) கரையில சும்மா இருந்து பேசுவார், எந்தச் சுவர் மணல்ல மூடிக் கிடக்கும், இது மூணும் காலத்தோட மாறும். வாடையில ஆடினவங்களுக்கு ஸ்டேஷன் பக்கத் துண்டுகள், கச்சான்ல ஆடினவங்களுக்கு மீனவர் குப்பத் துண்டுகள். சர்ச் ரெண்டுக்கும் பொது.

விண்ட் வேக்கர் (2002) காத்தை வச்சுத்தான் கப்பல் விட்டது. ஆனா ஒவ்வொரு தடவையும் மந்திரக் கோலை எடுத்துக் காத்தைத் திருப்பணும், அப்புறம் வெறும் கடல்ல நேரம் போகும். 2013 எச்டி பதிப்புல வேகமான பாய் கொடுத்துச் சரி பண்ணினாங்க. அதனால ஆடுறவங்க கையில காத்தைக் கொடுக்காதீங்க. காத்து அவங்களுக்கு விதியா இருக்கட்டும்.

மண்டபம்_கச்சான்:
இது செய்யக்கூடிய வேலை. ஒரே ஒரு ஃபிளாக் (எந்தக் காலம்னு கேம் குறிச்சு வைக்கிற குறி), ரெண்டு நிலை. டெஸ்ட் பண்ண ரெண்டு முழு ஆட்டம் போதும். கடல் சத்தம், மணல் உயரம், ஆட்கள் நிக்கிற இடம் மூணையும் அந்த ஃபிளாக்கோட கட்டுங்க, மத்த எதையும் கட்டாதீங்க. தீவுகளை மட்டும் சேர்க்காதீங்க. குருசடை, முயல் தீவு எல்லாம் கடல் தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கு, நினைச்ச நேரம் இறங்க முடியாது. அதையே மேப் எல்லையா வச்சா கண்ணுக்குத் தெரியாத சுவர் போட வேண்டிய வேலையும் இல்லை.

தூக்குப்பாலம்:
காலம் ரெண்டு, சரி. புயல் ராத்திரி ரெண்டு ஆட்டத்துலயும் அப்படியே வருமா? வந்தா ஸ்கிப் பட்டன் வைக்கக் கூடாது.

கீழக்கரை_சங்கு:
பார்த்ததையே ரெண்டாவது தடவை கட்டாயமாப் பார்க்க வச்சா, மனசு உருகாது அண்ணே, போனைத்தான் எடுப்பாங்க. நீங்க சொன்ன ரெசிடென்ட் ஈவில் 2 முறையே இதுக்கு மருந்து. ராத்திரிப் பகுதி 12 நிமிஷம். வாடை ஆட்டத்துல ஸ்டேஷன்ல இருந்து, கச்சான் ஆட்டத்துல குப்பத்துல இருந்து. கடிகாரம் ஒண்ணுதான். ஒன்பதாவது நிமிஷம் ஸ்டேஷன்ல விளக்கு அணையும்னா, அதே ஒன்பதாவது நிமிஷம் குப்பத்துல நிக்கிறவங்களுக்குத் தூரத்துல அந்த வெளிச்சம் போறது தெரியணும். ரெண்டு பக்கமும் பார்க்காததா இருக்கும், அதனால முதல் ரெண்டு ஆட்டத்துக்கும் ஸ்கிப் வேண்டாம். மூணாவது ஆட்டத்துல இருந்து பட்டனைக் கொடுத்துருங்க.

தூக்குப்பாலம்:
ரெண்டு பக்கமும், ஒரே கடிகாரம், அது எனக்குச் சம்மதம். மூணாவது ஆட்டத்துலயும் பட்டன் வேண்டாம்னுதான் இன்னும் சொல்றேன். 12 நிமிஷத்தை 8 ஆக்குங்க, அதுக்குச் சம்மதிக்கிறேன்.

அரிச்சல்முனை:
8 நிமிஷம்னா விளக்கு அணையுறதை ஆறாவது நிமிஷத்துக்குக் கொண்டு வரணும், அதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல மூணு பேச்சுதான் தாங்கும். நாளைக்குத் தாளை எடுத்து முடிவுல இருந்து பின்னாடி கோடு போடுறேன். கச்சான் பக்கத் துண்டுகளுக்குக் குப்பத்துல யார் யார் கரையில இருப்பாங்கன்னு லாத்தா ஒரு பட்டியல் கொடுங்க.