புதுப்பிப்பு: ரூன் என்ற இசை மென்பொருளை வாங்கலாமா என்று கேட்டிருந்தேனே, முடிவு இதோ

என் பழைய ஸ்ட்ரீமரோடு (நெட்வொர்க் வழியே பாட்டை வாங்கித் தரும் கருவி) ரூன் ஒத்துப்போகுமா என்று முன்பு கேட்டிருந்தேன், இலவச சோதனைக் காலம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒலி மாறவில்லை, அதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் கோப்பு (தரம் குறையாமல் சுருக்கிய, சிடி தரப் பாட்டு) பிட் மாறாமல் டாக்குக்கு, அதாவது டிஜிட்டல் இசையை அனலாக் ஒலியாக மாற்றும் கருவிக்கு, போனால் எந்த மென்பொருளிலும் ஒன்றுதான். ஆனால் தேடல் அருமை! ஒரு டிரம்மரின் பெயரைத் தொட்டால் அவர் வாசித்த ஆல்பமெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது, மறந்தே போயிருந்த இரண்டைத் திரும்பக் கேட்டேன்.

ஸ்ட்ரீமருக்கு வீட்டு நெட்வொர்க்கில் பாட்டு அனுப்பும் டிஎல்என்ஏ என்ற முறை மட்டும்தான் தெரியும், ரூன் அந்த வழியில் அனுப்பாது. சரி என்று அதற்குப் பதிலாக ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றை யூஎஸ்பி கேபிளில் டாக்கோடு இணைத்தேன், தீர்ந்தது. ரூன் இயங்கும் சர்வர் கணினி எப்போதும் ஓட வேண்டும், அது மட்டும் யோசிக்க வைத்தது. அப்புறம் சந்தா கட்டிவிட்டேன். உங்களிடம் ஆல்பங்கள் குறைவு என்றால் லிரியான் மியூசிக் சர்வர் என்ற இலவச இசை மென்பொருளை முதலில் பாருங்கள்.