உங்கள் கதையைக் கேட்டவர்கள் சொன்னதும் அதன்பின் கதையில் மாறியதும்: அனுபவங்களைப் பகிருங்கள்

கதை எழுதுவது எப்படி என்று சொல்லும் நூல்களுக்குக் குறைவில்லை. எனக்கு அடிப்படைகள் விளங்கியதோ, எதிரே உட்கார்ந்து கேட்டவர்களின் முகத்தைப் பார்த்துத்தான். உங்களுக்கும் அப்படி ஒரு சந்திப்பு வாய்த்திருக்கும். கேட்டவர் என்ன சொன்னார், அதன்பின் கதையில் என்ன மாறியது என்று எழுதுங்கள். பொதுவான அறிவுரையைவிட நடந்ததைச் சொன்னால் எல்லோருக்கும் பயன். நானே தொடங்கிவைக்கிறேன்.

ஒரு நூலகத்தில் சிறுவர்களுக்குக் கதை சொல்லப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் நானே கட்டிய கதை. ஒரு சிறுமி காட்டுக்குள் போகிறாள், ஆற்றைக் கடக்கிறாள், குகைக்குள் எரியும் விளக்கைக் கண்டு எடுத்து வருகிறாள். "அப்புறம்? அப்புறம்?" என்று குழந்தைகள் கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஒரு பையன் மட்டும், "அவ ஏன் காட்டுக்குப் போனா?" என்றான். அந்த நிமிடத்தில் தோன்றிய காரணத்தைச் சொன்னேன். அவள் தம்பிக்கு இருட்டென்றால் பயம். வீட்டில் இருந்த ஒரே விளக்கு உடைந்துவிட்டது. உடைத்தவள் அவள்.

கதையை முதலிலிருந்து திரும்பச் சொன்னேன். ஆறு அதே ஆறுதான், குகையும் அதேதான். ஆனால் இந்த முறை அவள் தண்ணீரில் கால் வைத்தபோது அறையில் சத்தமே இல்லை. குகை வாசலில் தயங்கி நின்றபோது ஒரு குழந்தை "உள்ள போ, போ" என்று அவளைப் பார்த்துச் சொன்னது. என்னைப் பார்த்து இல்லை.

ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் நாவலைப் பற்றி ஆற்றிய உரைகளில் இதைத்தான் பிரித்துக் காட்டினார். ராஜா இறந்தார், பிறகு ராணி இறந்தாள் என்றால் அது கதை. ராஜா இறந்தார், அந்தத் துக்கத்தில் ராணியும் இறந்தாள் என்றால் அது கதைப்பின்னல். முன்னதைக் கேட்பவர் 'அப்புறம்?' என்பார், பின்னதைக் கேட்பவர் 'ஏன்?' என்பார். படித்தபோது தலையாட்டிவிட்டு நகர்ந்திருந்தேன். அந்தப் பையன் கேட்டபிறகுதான் அது கைக்கு வந்தது.

*

எனக்கு நடந்தது சின்ன விஷயம். எங்கள் வாசிப்புக் குழுவில் பாத்திரங்களுக்கு ஜாதகம் போல விவரப் பட்டியல் தயாரிப்பார்கள்: வயது, உயரம், படிப்பு, பிடித்த நிறம், சிறுவயது பயங்கள். ஒருமுறை நான் என் பாத்திரத்தின் பட்டியலை வாசித்து முடித்ததும் குழுவின் மூத்த அம்மா ஒருவர், "எல்லாம் சரிம்மா, இவருக்கு இப்போ என்ன வேணும்?" என்று கேட்டார். 'இப்போ' என்பதை அழுத்திக் கேட்டார். வாழ்க்கையில் என்ன வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இந்தக் காட்சியில், இந்தக் கதவைத் தட்டும்போது, அவர் மனதில் இருப்பது என்ன? கடனாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும், ஆனால் வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். அவ்வளவுதான். அந்தக் கூச்சம் கிடைத்ததும் அவர் எப்படி உட்காருவார், எதைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவார் என்பதெல்லாம் தானாக வந்தது. பட்டியலை இப்போதும் போடுகிறேன். அந்தக் கேள்வி அதன் முதல் வரியாகிவிட்டது.

*

பார்வைக்கோணத்தை, அதாவது கதையை யார் கண் வழியாகச் சொல்கிறோம் என்பதை, எனக்குப் புரியவைத்தவர் ஒரு பட்டறையில் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர். பயிற்சி இதுதான்: அக்காவும் தங்கையும் இறந்துபோன அம்மாவின் அலமாரியைக் காலி செய்கிறார்கள், ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதை ஒருவருக்கொருவர் மாற்றிப் படித்தோம். அவர் என் தாளைப் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் என்ன நினைக்கிறாங்கன்னு தெரியுது. இதைப் பார்த்துக்கிட்டிருக்கிறது யாருங்க?" என்றார்.

அதே காட்சியைத் தங்கையின் கண் வழியாக மட்டும் எழுதிப் பார்த்தேன். அக்கா ஒரு கடிதத்தை எடுக்கிறாள், படிக்கிறாள், மடித்துத் தன் கைப்பைக்குள் வைக்கிறாள். "என்னக்கா அது?" "ஒண்ணுமில்ல, பழைய ரசீது." தங்கைக்குத் தெரிந்தது அவ்வளவே. கடிதத்தில் இருப்பதை நான் எங்குமே சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. தங்கைக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியக் கூடாது. பிறகு அக்காவின் பக்கமிருந்து எழுதினேன். கடிதம் என்னவென்று தெரிந்துவிடுகிறது, இப்போது பதற்றம் வேறு இடத்துக்குப் போகிறது: தங்கை பார்த்திருப்பாளா? மூன்றும் ஒரே நிகழ்ச்சி. யார் பார்க்கிறார் என்பது மாறியதும் மூன்று வெவ்வேறு கதைகள்.

தமிழில் இதற்கு நல்ல உதாரணம் வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்'. 1915-இல் வந்த அந்தக் கதையைச் சொல்வது ஒரு மரம். மரத்தால் நகர முடியாது. தன் நிழலுக்கு வருபவர்களைத்தான் அது பார்க்கும், குளத்தங்கரையில் பேசுவதைத்தான் அது கேட்கும். கதையின் நாயகி ருக்மிணியைக் காப்பாற்றவும் அதற்குக் கை இல்லை. சொல்பவருக்கு எது எட்டும், எது எட்டாது என்ற எல்லைதான் அந்தக் கதையின் துயரத்தைப் பெரிதாக்குகிறது. சொல்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவருக்குத் தெரியாமல் இருப்பது என்ன என்று முதலில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

*

பார்வையற்ற என் நண்பர்தான் என் முதல் வாசகர். நான் வாசிக்க வாசிக்க அவர் கேட்பார். தாளில் மேற்கோள் குறியும் புதுப் பத்தியும் செய்யும் உதவி எதுவும் அவருக்குக் கிடையாது. பேச்சு பேச்சாகவே நிற்க வேண்டும். "நிறுத்து, இது யார் பேசுறது?" என்பார். அந்த இடத்தில் 'என்றான்' சேர்ப்பது எளிது. அவர் அதை ஏற்கமாட்டார். ஆள் யார் என்று பேச்சிலேயே தெரிய வேண்டும் என்பார்.

தமிழில் அதற்கு எவ்வளவு வசதி இருக்கிறது என்று அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஓர் அலுவலகத்துக்குப் போகிறார். அங்கே அதிகாரியாக இருப்பவன் அவரிடம் படித்தவன். "நீ எங்கடா இங்க?" என்று தொடங்குகிறார். பிறகு அவர் கொண்டுவந்த விண்ணப்பம் அவன் மேசைக்குத்தான் போக வேண்டும் என்று தெரிகிறது. அடுத்த வரியில், "நீங்க பார்த்துச் செஞ்சா..." என்கிறார். நான் வாசித்துக்கொண்டே போனேன். நண்பர் கையைப் பிடித்து நிறுத்தினார். "அய்யோ, வாத்தியார் இறங்கிட்டாரே" என்றார். முகம் வாடியது, குரல் தாழ்ந்தது என்று ஒரு சொல்கூட அங்கே இல்லை. 'நீ' போய் 'நீங்க' வந்தது மட்டும்தான்.

இன்னொன்றும் அவரால்தான் கவனித்தேன். தன்மையில் எழுதினால் 'போனேன், பார்த்தேன்' என்பதில் ஆணா பெண்ணா என்று தெரியாது. படர்க்கையில் போனான், போனாள் என்று வினைமுற்றே சொல்லிவிடும். ஒரு கதையில் கதைசொல்லியைப் பாதிவரை அவர் ஆண் என்றே நினைத்துக் கேட்டிருக்கிறார். இன்னொரு பாத்திரம் "அக்கா" என்று கூப்பிட்ட இடத்தில் திகைத்துப்போனார். மறைப்பது நோக்கமானால் இது பெரிய கருவி. நோக்கமில்லாதபோது யாராவது ஒருவர் முதல் பக்கத்திலேயே அவளை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுவிடட்டும்.

*

எங்கள் குடும்பத்தில் நிஜமாகவே நடந்தது இது. பல வருடம் பேசாமலிருந்த அண்ணனும் தம்பியும் ஒரே ரயில் பெட்டியில், எதிரெதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்தார்கள். அதைக் கதையின் முடிவாக வைத்து ஒரு தோழிக்கு வாசித்தேன்.

"நம்ப முடியலைப்பா."

"உண்மையா நடந்தது."

"இருக்கலாம். கதையில நடக்கலையே."

அரிஸ்டாட்டில் 2300 ஆண்டுகளுக்கு முன்பே 'கவிதையியல்' என்ற நூலில் இதைச் சொல்லியிருக்கிறார்: நடக்கக்கூடியதாயினும் நம்பமுடியாததைவிட, நடக்கவே முடியாததாயினும் நம்பும்படி இருப்பதே மேல். தோழி அதைப் படித்தவளல்ல. அவள் காது சொன்னது.

அந்த ரயில் சந்திப்பை முதல் வரிக்குக் கொண்டுபோனேன். இருவரும் விடியும்வரை இறங்க முடியாது. கதை அங்கிருந்து தொடங்கியது. அதே தற்செயல்தான், தோழி இம்முறை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாத்திரத்தைச் சிக்கலில் மாட்டிவிடும் தற்செயலை வாசகர் ஏற்றுக்கொள்கிறார், சிக்கலிலிருந்து தூக்கிவிடும் தற்செயலை ஏற்பதில்லை என்பது என் கணிப்பு.

*

'ஏன்' என்ற கேள்வி பற்றி எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட அனுபவம். ஒரு சிற்றிதழ் ஆசிரியர் என் கதையை நேரில் வரச்சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கடைசி இரண்டு பத்திகள் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. மகன் ஏன் வீட்டைவிட்டுப் போனான் என்ற விளக்கம் அங்கேதான் இருந்தது. "இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். எனக்குச் சொல்லணும்னு இல்லை. அவன் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வெளிய போறதுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1932-இல் பனிப்பாறையைச் சொன்னது இதற்குத்தான்: எட்டில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே. பலர் இதைச் சொல்லாமல் விடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அவர் கூடவே சொன்னது இன்னும் முக்கியம்: தனக்கே தெரியாததால் எழுத்தாளர் விட்டுவிட்டால், அந்த இடம் வெற்றிடமாகத்தான் நிற்கும். எனவே நூலகத்துப் பையனும் சரி, அந்த ஆசிரியரும் சரி. காரணம் இருந்தே ஆக வேண்டும். அது வாக்கியமாக வர வேண்டுமா, செருப்பாக வர வேண்டுமா என்பது அடுத்த முடிவு.

*

இப்போதுதான் எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்காக ஒன்று. வாசித்துக் காட்டிவிட்டு "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். நம்மேல் அன்பு உள்ளவர்கள் "நல்லா இருந்தது" என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். நான் பாதியிலேயே நிறுத்திவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்பேன். அவர் சொல்வது நடக்கட்டும், நடக்காமல் போகட்டும், ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிறாரா என்று தெரிந்துவிடும். முடிந்தபிறகு கதையை அவர் வாயால் எனக்குத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். எந்தப் பாத்திரத்தின் பெயரை மறந்துவிட்டார், எந்தக் காட்சியைத் தாவிவிட்டார், எதை நான் எழுதியதைவிட நன்றாகச் சொன்னார் என்பதையெல்லாம் குறித்துக்கொள்வேன். அவர் பேசும்போது நான் விளக்கம் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லா வாசகருக்கும் நம்மால் விளக்க முடியாதல்லவா? ஒரு பக்கம் எழுதிக் கையில் வைத்திருப்பவர்கள் யாராவது இந்த வாரம் இப்படிச் செய்து பார்த்தால், கேட்டவர் எந்த இடத்தைத் தாவினார் என்று இங்கே வந்து எழுதுங்கள்.